கனி யாருக்கு?



"கவிதையில் கனி" என்று தலைப்பு எழுதி அனுப்பியதும், "முக்கனியைப் பற்றியா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். மா, பலா, வாழை என்று வரிசையாகச் சொல்லி, கனி என்றால் இனிமை, இனிமை என்றால் தமிழ் என்று முடித்துவிட மேடைப் பேச்சு நம்மைப் பழக்கியிருக்கிறது. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பாட்டுகளில் கனி வெறுமனே இனித்துக்கொண்டு இருப்பதில்லை. அது கிளையிலிருந்து விழுகிறது, ஆற்றோடு போகிறது, நண்டு மிதிக்க நசுங்குகிறது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது, சில வேளை கைக்கு வந்ததும் காணாமல் போகிறது. அது இடம் மாறும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே போகிறது: இந்தக் கனி யாருக்கு உரியது? தமிழ்க் கவிஞர்கள் கனியைக் கொண்டு கேட்ட பெரிய கேள்வி இதுதான் என்பது என் வாசிப்பு. இன்று பேச வந்திருப்பதும் அதைத்தான்.

குறுந்தொகையின் 8 ஆம் பாட்டிலிருந்து தொடங்குகிறேன். ஆலங்குடி வங்கனார் பாடியது, மருதத் திணை, பேசுபவள் காதற்பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, அவளுடைய தோழியர் காதில் விழும்படி பதில் சொல்கிறாள். வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்த கனி தானாக உதிர்கிறது. குளத்து வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்தவன், எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டுத் தன் வீட்டில் மகனின் தாய் ஆட்டுகிறபடி ஆடுகிறான், கண்ணாடிக்குள் தெரியும் பாவையைப் போல என்கிறாள்.

வகுப்பறையில் இதற்குச் சமன்பாடு போடுவோம். மாங்கனி தலைவன், வாளை பரத்தை; அவள் முயலாமலே அவன் வந்து சேர்ந்தான் என்பது உள்ளுறை. உ.வே.சாமிநாதையர் 1937 இல் வெளியிட்ட பதிப்பில் தொடங்கி நாம் படித்துவரும் விளக்கம் இந்த வழியில்தான் போகிறது; சரியான விளக்கம்தான். அதற்கு உள்ளே இருக்கும் வழக்கு நுட்பத்தை மட்டும் நான் கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறேன். எங்கள் நத்தம் பக்கத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைக்காரர் காவலுக்கு ஆள் போடுவார். மரத்தில் தொங்கும் காய்க்குத்தான் அந்தக் காவல். காற்றில் உதிர்ந்ததையும் அணில் கடித்ததையும் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போனால் காவல்காரர் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார். கல்லெறிந்து விழுத்தினால்தான் வம்பு. இந்தத் தோப்பு நியாயத்தோடு அந்தப் பாட்டைப் படித்தால் பரத்தையின் வாதம் துலங்கும். மரம் உன்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் நான் பறிக்கவில்லை, கல்லெறியவில்லை; விழுந்ததை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு பெண் தன் மீதான குற்றச்சாட்டை ஒரு மாம்பழத்தாலும் ஒரு மீனாலும் தள்ளுபடி செய்கிறாள். குளத்து மீன் மரம் ஏறி மாங்காய் திருட முடியாது என்பதையும் கேட்பவர்களே எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள்.

உள்ளுறைக்குக் கருப்பொருள் எல்லாம் ஆகும், தெய்வம் மட்டும் ஆகாது என்று தொல்காப்பியம் விதி செய்திருக்கிறது. இந்த விலக்கை நான் மிகவும் மதிக்கிறேன். தெய்வத்தை ஒருபுறம் வைத்துவிட்டால் மனிதர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பேசியாக வேண்டும்; சாட்சிக்கு மரமும் மீனும் குரங்கும் நண்டும்தான் வரும்.

குறிஞ்சிக்குப் போனால் அங்கே பலா. கபிலரின் குறுந்தொகை 18 ஆம் பாட்டு நம் எல்லோருக்கும் பாடம். இரவில் வந்து போகும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். உன் மலையில் மூங்கில் வேலி சூழ வேரிலேயே பலா காய்க்கிறது. இவள் நிலையோ சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குவது போன்றது. உயிர் மிகச் சிறியது, காமம் பெரியது. சீக்கிரம் மணந்துகொள் என்பது செய்தி. பலாவைப் பார்த்தவர்களுக்கு இதன் கூர்மை புரியும். அது அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் வேரையொட்டியும் காய்க்கும் மரம். நன்றாக முற்றிய பழம் 30 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. இயற்கை அந்த எடைக்கு ஏற்ற இடத்தில்தான் அதை வைக்கிறது. வேர்ப்பலா தரையில் சாய்ந்து கிடக்கும். முறிய ஒன்றும் இல்லை. போதாததற்கு வேலி வேறு. எல்லாப் பாதுகாப்பும் தலைவன் பக்கம். எடை முழுவதும் அவள் பக்கம். காம்பு அறுந்தால் பழம் போகும், கொம்பு முறிந்தால் உயிர் போகும்; தலைவனின் மலைக்கு ஒன்றும் ஆகாது. கனி யாருக்கு என்ற கேள்வியைக் கபிலர் ஒரு படி கூட்டி, அதைத் தாங்குவது யார் என்று கேட்கிறார்.

இதே பலா 90 ஆம் பாட்டில் வேறு வழி போகிறது. மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதன் பாடியது. குரங்கு தொட்ட அளவில் பழம் நழுவி அருவியில் விழ, அருவி அதை ஊரார் நீருண்ணும் துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. குரங்குக்குக் கிடைக்காதது ஊருக்குக் கிடைக்கிறது. இதை விரித்துச் சொல்ல நேரம் இல்லை, படித்துப் பாருங்கள்.

பரணரின் 24 ஆம் பாட்டைக் கடந்துபோக என்னால் முடியாது. வேம்பு பூத்துவிட்டது, போனவன் வரவில்லை, ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. ஆற்றங்கரையில் வெள்ளைக் கிளைகளோடு நிற்கும் அத்தி. அதன் பழம் ஒன்று கீழே கிடக்கிறது. ஏழு நண்டுகள் அதன் மேல் ஏறி மிதிக்கின்றன. கொடியவர்களின் நாக்குகள் அப்படி என்னை மிதித்துக் குழைத்தன என்கிறாள் தலைவி. அத்தி நீர்க்கரையை விரும்பும் மரம். பழுத்தது மெத்தென்று இருக்கும், விரலால் அழுத்தினாலே பிதுங்கிவிடும். எண்ணையும் பாருங்கள். பழம் ஒன்று, நண்டு ஏழு. எந்த நண்டும் பழத்தைக் கொண்டுபோகவில்லை. உரியவன் இல்லாத வேளையில் உரிமையே இல்லாதவர்கள் அதைத் துவைத்துவிட்டுப் போகிறார்கள். வதந்தியைப் பற்றி எந்த மொழியில் எழுதினாலும் இதைவிடக் கச்சிதமாக எழுத முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஊர்ப்பேச்சால் ஒடுங்கிப்போன பெண்களை நம் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் யாரை நினைத்தாலும் எனக்கு அந்த அத்திப்பழம் நினைவுக்கு வருகிறது.

இனி, இந்தப் பேச்சின் நடுவுக்கு வருகிறேன். நன்னனின் மாங்காய்.

குறுந்தொகை 292 ஆம் பாட்டு, இதுவும் பரணர். நீராடப் போன பெண் ஒருத்தி, ஆற்றுநீர் அடித்துக்கொண்டு வந்த பசுங்காய் ஒன்றை எடுத்துத் தின்றாள். அது நன்னன் என்னும் அரசனின் மரத்துக் காய். காவல்மரம் என்று அரசர்கள் போற்றிய மரங்களில் ஒன்று. கொலைத் தண்டனை விதித்தான். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்றார்கள் அவளைச் சேர்ந்தவர்கள். வாங்க மறுத்துக் கொன்றான்.

இந்தக் கதை நெஞ்சை உலுக்கும். ஆனால் பரணர் இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. பேசுபவள் தோழி, அவள் கோபம் தலைவியின் தாய் மீது. ஒருநாள் விருந்தினன்போல முகமலர்ச்சியோடு தலைவன் வந்துபோனான். அன்று முதல் தாய் பல நாளாக உறங்கவில்லை, பகைக்கு அஞ்சிய ஊர்போல விழித்திருந்து மகளைக் காக்கிறாள். அந்தத் தாய் நன்னனைப்போல மீளா நரகம் புகுக என்று சபிக்கிறாள் தோழி.

தாயை எதற்காகப் பெண்கொலை செய்த அரசனோடு ஒப்பிட வேண்டும்? மிகையான கோபம் என்று பலர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நன்னன் செய்த குற்றம், காவலை உயிருக்கு மேலாக வைத்தது. மரத்தைக் காத்தான், பெண்ணைக் கொன்றான். தாய் காப்பதும் அப்படியே முடியும். மகளின் கற்பைக் காப்பதாக எண்ணி மகளை இழந்துவிடுவாள். ஆற்றோடு தானாக வந்த காய்போலத்தான் அந்தக் காதலும் வந்தது. அது வந்த வழியில் திருட்டு இல்லை. உடைமைக்காரரின் பிடிவாதம்தான் அதைக் குற்றமாக்கியது. தோழி ஒரே ஒப்புமையில் அரசனையும் அன்னையையும் ஒரே கூண்டில் நிறுத்திவிடுகிறாள்.

உலக இலக்கியத்தில் விலக்கப்பட்ட கனி என்றதும் எவருக்கும் விவிலியத்தின் ஆதியாகமம் நினைவுக்கு வரும். அங்கே உண்டவர்கள் தண்டனை பெற்றுத் தோட்டத்தைவிட்டு வெளியேறுகிறார்கள். அது கட்டளையை மீறியதன் கதை. அதன் நியாயம் வேறு. நம்மிடம் இருக்கும் விலக்கப்பட்ட கனியின் கதையில் புலவர்கள் தின்றவள் பக்கம் நிற்கிறார்கள். மரத்துக்காரன் பெண்கொலை செய்தவன் என்ற அடைமொழியோடு இன்றுவரை அழைக்கப்படுகிறான். அவள் பெயர் நமக்குத் தெரியாது. அவன் பெயர் அழியாமல் இருப்பது அவனுக்குக் கிடைத்த தண்டனை. அதே பரணர் குறுந்தொகை 73 ஆம் பாட்டில், கோசர்கள் நன்னனின் அந்த நறுமாவை வெட்டிச் சாய்த்த சூழ்ச்சியை நினைவுகூர்கிறார். புறநானூறு 151 ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், இருவர் அமர்ந்திருந்த இடத்தில் இளங்கண்டீரக்கோவைத் தழுவிவிட்டு, பக்கத்தில் இருந்த இளவிச்சிக்கோவைத் தழுவாமல் நின்றார். ஏன் என்று அவன் கேட்டதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, நீ நன்னன் வழிவந்தவன் என்பது. தலைமுறை தாண்டியும் ஒரு தழுவல் கிடைக்கவில்லை.

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில் மாசாணியம்மன் மல்லாந்து படுத்த கோலத்தில் இருக்கிறாள். நன்னனால் கொல்லப்பட்ட அந்தப் பெண்தான் இந்த அம்மன் என்பது அந்தப் பகுதி மக்கள் சொல்லிவரும் கதை. அநீதிக்கு ஆளானவர்கள் அங்கே நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகிறார்கள். பாட்டில் பெயரில்லாமல் செத்தவள் ஊரில் நீதி கேட்கும் இடமாக இருக்கிறாள். ஏட்டை மட்டும் படிப்பவர்கள் ஆனைமலைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நன்னனுக்கு நேர் எதிரே நிற்பவன் தகடூர் அதியமான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த செய்தி பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சிறுபாணாற்றுப்படையும் அதைச் சொல்கிறது. ஆனால் மூலப்பாட்டான புறநானூறு 91 ஐ நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. ஏறுவதற்கு அரிய மலைப்பிளவில் விளைந்த கனி. அதன் பயன் நீண்ட ஆயுள். அதை வெளியே சொல்லாமல் தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சாவு நீங்கும்படி எனக்குத் தந்தாய் என்கிறார் ஔவை. கொடையின் உச்சம் அந்த மௌனத்தில் இருக்கிறது. சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார்.

அந்தப் பாட்டில் ஔவை அவனை வாழ்த்தும்போது நீலமிடற்று இறைவனைப்போல நிலைத்திரு என்று வாழ்த்துகிறார். அமுதம் போன்ற கனியைக் கொடுத்தவனுக்கு நஞ்சை உண்டவன் எப்படி உவமை ஆனான் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பாற்கடலில் மற்றவர்களுக்கு அமுதம் கிடைக்க வேண்டும் என்று நஞ்சைத் தன் பங்காக எடுத்துக்கொண்டவன் சிவன். அதியமானும் கனியை நீட்டிய அந்தக் கணத்தில் ஆயுளை ஔவைக்குக் கொடுத்து, சாவைத் தன் பங்காக வைத்துக்கொண்டான். இதைக் கண்டுகொண்ட ஔவை, நஞ்சுண்டும் சாகாதவனைப்போல நீயும் இரு என்கிறார். தனக்குக் கிடைத்த ஆயுளைச் சொல்லால் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார்.

அந்த வாழ்த்துப் பலிக்கவில்லை. 235 ஆம் பாட்டில் அதே ஔவை அவனுக்குக் கையறுநிலை பாடுகிறார். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் பாத்திரத்தையும் இரப்பவர் கையையும் புலவர் நாவையும் துளைத்தது என்கிறார். கனியை உண்டவர் உயிரோடு இருந்து, கொடுத்தவனுக்கு இரங்கல் பாடுகிறார். 91 ஐயும் 235 ஐயும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்த பிறகு நான் அப்படிப் படித்தேன். நமக்காக எதையோ விட்டுக்கொடுத்தவர்கள் அதைச் சொல்லாமலே போய்விடுகிறார்கள் என்பதை அந்த இரண்டு பாட்டும் எனக்குத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தன.

பல நூற்றாண்டு கழித்துப் பரிமேலழகர் 100 ஆம் குறளுக்கு உரை எழுதும்போது, இனிய கனி என்றால் ஔவை உண்ட நெல்லிக்கனி போன்றது என்று விளக்கம் தருகிறார். வள்ளுவர் அங்கே பேசுவது இன்சொல் பற்றி. உரைகாரருக்கோ கனி என்றதும் தகடூர் நினைவுக்கு வருகிறது. அவரும் நம்மைப்போல ஒரு வாசகர்தான் என்று தோன்றும் இடம் அது.

வள்ளுவரிடம் பெயர் சொல்லி வரும் பழம் ஒன்றே ஒன்று, அதுவும் நெருஞ்சி. அனிச்சமும் அன்னத்தின் இறகும்கூட அவள் பாதத்துக்கு நெருஞ்சிப்பழம் என்பது காமத்துப்பால். மற்ற இடங்களில் அவருக்கு மரத்தின் பெயர் வேண்டாம், அது நிற்கும் இடம் வேண்டும். ஒப்புரவு உள்ளவனின் செல்வம் ஊருக்குள்ளே பயன்மரம் பழுத்தது போன்றது. யாரும் விரும்பாதவனின் செல்வம் நடுவூரில் நச்சுமரம் பழுத்தது போன்றது. 216 ஆம் குறளும் 1008 ஆம் குறளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டும் ஊருக்குள் நிற்கும் மரம், இரண்டும் பழுத்த மரம். ஒன்றின் அடியில் பிள்ளைகள் கூடுவார்கள். மற்றதன் அடியில் போகாதே என்று தாய்மார் எச்சரிப்பார்கள். செல்வத்தைப் பற்றி இவ்வளவு கறாரான தீர்ப்பைப் பொருளாதார நூல்களில் நான் பார்த்ததில்லை.

காமத்துப்பாலில் இன்னும் இரண்டு. தான் விரும்புகிறவர் தன்னையும் விரும்பப் பெற்றவர்களுக்குக் காமத்தின் விதையில்லாத கனி கிடைத்தது என்கிறது 1191 ஆம் குறள். இன்று கடையில் விதையில்லாத் திராட்சை கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதனால் அந்தக் குறளின் வியப்பு நமக்குப் பாதியாகிவிட்டது. பல்லில் தட்டும் கொட்டையே இல்லாத பழத்தை அன்று கற்பனை செய்தவருக்கு, ஒருதலைக் காதல் என்னும் கொட்டை எத்தனை பேர் பல்லில் தட்டியிருக்கும் என்பது தெரிந்திருக்கிறது. 1306 ஆம் குறளுக்கோ பழுக்கும் பருவங்கள் தெரிந்த வாசகர் வேண்டும். பெரும்பிணக்கு இல்லாவிட்டால் காமம் அளவுமீறிக் கனிந்த பழமாகும். சிறுபிணக்கு இல்லாவிட்டால் முற்றாத இளங்காயாகும். வடு, பிஞ்சு, காய், செங்காய், பழம், அழுகல் என்று ஒவ்வொரு நிலையையும் தொட்டுப் பார்த்த ஊருக்கு எழுதிய குறள் அது. கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைப்பதைச் சட்டம் தடை செய்தும், தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே புளிக்கும் மாம்பழம் நம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பழுப்பது நாள் எடுக்கும் காரியம் என்பது மறந்துபோனால் இந்தக் குறளும் நமக்கு மறந்துபோகும்.

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு நாவற்கனி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் அந்த ஒரே கனியை உண்பதற்காக விருச்சிக முனிவர் நோன்பிருக்கிறார். பனம்பழம் அளவு பெரிய கனி. நீராடிவிட்டு உண்ணலாம் என்று ஆற்றங்கரையில் வைத்துப் போகிறார். அறியாமல் காயசண்டிகை அதன் மேல் கால் வைத்துச் சிதைத்துவிடுகிறாள். நான் பட்டினி கிடக்கும் பன்னிரண்டு ஆண்டும் நீயும் யானைத்தீ என்னும் பசிநோயால் வாடு என்று சபிக்கிறார். இங்கேயும் கனி, உரிமை, தண்டனை. ஆனால் அந்தக் காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் அதோடு நிறுத்தவில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு கவளத்தில் காயசண்டிகையின் பசி அடங்குகிறது. ஒருவருக்கு மட்டும் உரிய அரிய கனிக்குப் பதிலாக, யார் வந்தாலும் கிடைக்கும் எளிய சோறு. அந்தக் காப்பியத்தின் அறம் முழுவதும் இந்த மாற்றத்தில் இருக்கிறது என்பேன்.

பக்தி இலக்கியத்தில் கனி பெரும்பாலும் படிக்கட்டின் முதல் படி. திருவிடைமருதூர்ப் பதிகத்தில் அப்பர் கனி, கரும்புக்கட்டி என்று தொடங்கி அரசபோகம் வரை சொல்லி, இவற்றைவிட இறைவன் இனியவன் என்கிறார். வள்ளலார் முக்கனியையும் பிழிந்து சர்க்கரை, தேன், பால் என்று கலந்து அதையும் தாண்டிப் போகிறார். அழகான இடங்கள், என் கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. விடை இருப்பது காரைக்காலில்.

12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை. வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய மாங்கனி இரண்டு. பசியோடு வந்த அடியாருக்கு அவன் மனைவி புனிதவதி ஒன்றைப் படைத்துவிடுகிறார். கணவன் தன் பங்கை உண்டு, இன்னொன்றும் கேட்கிறான். இறைவனை நினைக்கக் கையில் ஒரு கனி வருகிறது. சுவை வேறாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்கிறான். உண்மையைச் சொல்கிறார். நம்பாமல், அப்படியானால் மற்றொன்று வரவழை என்கிறான். வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோகிறது. அஞ்சி, கப்பலேறிப் போய்விடுகிறான். முதல் கனி பசித்தவருக்குத் தங்கியது. சோதித்துப் பார்க்க நீட்டிய கையில் கடைசிக் கனி தங்கவில்லை. வீட்டில் உள்ள பொருளை வந்தவருக்குக் கொடுக்க ஒரு மனைவிக்கு உரிமை உண்டா என்ற கேள்வியைச் சேக்கிழார் மாம்பழத்தை வைத்துத் தீர்த்துவிட்டார். ஆனி மாதம் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மக்கள் மாங்கனிகளை வாரி இறைக்கிறார்கள். யார் கையில் விழுகிறதோ அவருக்கே அது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் கனி வரும் பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். உரையைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலும் அந்தக் கனி எங்கிருந்து எங்கே போகிறது, வழியில் யார் தடுக்கிறார், கடைசியில் யார் வாயில் சேர்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அத்தியையும் நெல்லியையும் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் ஒரு விடுமுறை நாளில் மரத்தடிக்குப் போய்வாருங்கள். அதன் பிறகு உரையைப் படியுங்கள். பரணரின் பாட்டுகளில் வரும் கனிகளைப் பற்றி மட்டுமே ஓர் ஆய்வேடு எழுதலாம். இந்தத் தமிழ்த்துறையிலிருந்தே அது வர வேண்டும் என்று விரும்புகிறேன்.